பழைய கைக்கடிகாரத்திடம் பேட்டி எடுப்பது எப்படி

1906-ஆம் ஆண்டில் ஜோனதன் டில்லன் என்ற முதிய கடிகாரத் தொழிலாளி 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழுக்கு ஒரு பேட்டி கொடுத்தார். 45 ஆண்டுகளுக்கு முன்பு வாஷிங்டனில் ஒரு கடையில் ஆபிரகாம் லிங்கனின் தங்கப் பைக்கடிகாரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, சம்டர் கோட்டை தாக்கப்பட்டு உள்நாட்டுப் போர் மூண்டுவிட்ட செய்தி வந்ததாகவும், உடனே டயலைக் கழற்றி அதன் அடியிலிருந்த உலோகத் தகட்டில் யாருக்கும் தெரியாமல் சில வரிகளைக் கீறிவைத்ததாகவும் அவர் சொன்னார். முதல் குண்டு வெடித்துவிட்டது, அடிமைமுறை ஒழிந்தது, அதற்கு முயலவாவது ஒரு குடியரசுத் தலைவர் நமக்கு வாய்த்தாரே, கடவுளுக்கு நன்றி என்பதுதான் தான் எழுதியதன் சாரம் என்று அவர் நினைவுகூர்ந்தார். 2009 மார்ச் மாதம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தார்கள். கீறல்கள் இருந்தன, டில்லனின் பெயரும் 1861 ஏப்ரல் 13 என்ற தேதியும் இருந்தன. அடிமைமுறையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கிளர்ச்சியாளர்கள் அந்தத் தேதியில் கோட்டையைத் தாக்கினார்கள் என்பதும், நமக்கு ஓர் அரசாங்கம் இருப்பதற்காகக் கடவுளுக்கு நன்றி என்பதும்தான் இருந்தன. கோட்டையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையும் இருந்தது. தாக்குதல் தொடங்கியதோ அதற்கு முந்தைய நாள், ஏப்ரல் 12.

டில்லன் பொய் சொல்லவில்லை. 45 ஆண்டுகளில் நாடு எப்படி மாறியதோ அதற்கேற்ப அவருடைய நினைவும் மாறியிருந்தது, அவ்வளவுதான். செய்தித்தாளில் வேலை செய்கிறவனாகவும் கடிகாரங்கள் மேல் பித்துக்கொண்டவனாகவும் இருக்கும் எனக்கு இந்த ஒரு நிகழ்ச்சி பெரிய பாடமாக அமைந்தது. ஒரு கடிகாரத்தின் கதைக்கு மூன்று சாட்சிகள் உண்டு: வைத்திருப்பவரின் நினைவு, எங்கோ இருக்கும் காகிதம், கடிகாரத்தின் உலோகம். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பிறகு நேருக்கு நேர் நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கடிகாரம் கிடந்தாலும், யாரோ ஒருவருடைய கடிகாரத்தைப் பற்றி நீங்கள் எழுத விரும்பினாலும் வழிமுறை ஒன்றுதான்.

முதலில் மனிதர், பிறகுதான் கடிகாரம்

கடிகாரத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே உரிமையாளரைப் பேசவிடுங்கள். கையில் வாங்கிவிட்டால் உங்கள் கண் டயலுக்குப் போய்விடும். நீங்கள் எதைப் பார்த்துப் புருவம் உயர்த்துகிறீர்கள் என்பதைக் கவனித்து அவரும் தன் கதையைத் திருத்திக்கொள்வார். சொல்வதைச் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "இது எந்த ஆண்டுக் கடிகாரம்?" என்று கேட்பதில் பயனில்லை, அதற்கான விடையைக் கடிகாரமே பின்னர் இன்னும் துல்லியமாகச் சொல்லிவிடும். "இதை முதன்முதலில் யார் கையில் பார்த்தீர்கள்?", "தினமும் யார் சாவி கொடுப்பார், எந்த நேரத்தில்?", "எப்போது ஓடாமல் நின்றது?" என்பவை போன்ற, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தரும் கேள்வி, அது எத்தனை முறை, எதற்காகப் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டது என்பதுதான். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கண்ணாடி உடைந்தது, மழையில் நனைந்தது, வார் அறுந்து கீழே விழுந்தது என்று வரும் விடைகள் ஒவ்வொன்றும், பிறகு உள்ளே நீங்கள் காணப்போகும் ஒரு மாற்றத்துக்கு விளக்கமாக அமையக்கூடும். குடும்பத்தில் இருவர் இருந்தால் இருவரையும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்தால் குரல் உயர்ந்தவரின் நினைவே இருவருடைய நினைவாகவும் ஆகிவிடும்.

திறப்பதற்கு முன்பு

முன்பக்கம், பின்பக்கம், இரு ஓரங்கள், வார் மாட்டும் கம்பிகளுக்கு நடுவிலுள்ள இடம் என எல்லாவற்றையும் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத தேய்ந்த எழுத்துகள் சாய்வான வெளிச்சத்தில் நிழலாக எழுந்து தெரியும். கடிகாரத்தைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். டயலை எந்தத் திரவத்தாலும் தொடாதீர்கள். பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்த கடிகாரத்துக்கு ஆசைப்பட்டுச் சாவி கொடுத்து ஓடவிடுவதும் நல்லதல்ல. உள்ளே எண்ணெய் உலர்ந்துபோயிருக்கும்போது சக்கரங்களின் அச்சுமுனைகள் தேய்ந்துபோகும்.

பின்மூடியைத் திறக்கும் வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள், ஆனால் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சமையலறைக் கத்தியால் நெம்பியதற்கான வடுக்களைப் பல பழைய கடிகாரங்களின் விளிம்பில் பார்த்திருக்கிறேன். நீங்களும் ஒரு வடுவைச் சேர்க்க வேண்டியதில்லை.

இன்னும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏறத்தாழ 1960-களுக்கு முந்தைய, முட்களிலும் எண்களிலும் ஒளிரும் பூச்சு உள்ள கடிகாரமாக இருந்தால் அந்தப் பூச்சு ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்பதற்காக ஆபத்து போய்விட்டதாக எண்ணக் கூடாது. பட்டுப்போயிருப்பது ரேடியத்தோடு கலந்திருந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியம்-226 பாதியாகக் குறைவதற்கே 1,600 ஆண்டுகள் ஆகும். மூடிய கடிகாரத்தைக் கையில் வைத்திருப்பதில் பெரிய கேடு இல்லை. ஆனால் பூச்சைச் சுரண்டுவதோ, உதிர்ந்த தூளை ஊதித் தள்ளுவதோ கூடவே கூடாது. தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கி டயல்களில் எண் எழுதிய அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் அந்த ரேடியத்தாலேயே நோயுற்று இறந்தார்கள். நியூஜெர்ஸியில் அவர்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. ரேடியம் பூசிய டயலைப் பற்றி எழுதும்போது அதை எழுதிய கைகளை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வருவதில்லை.

டயல் சொல்வதும் மறைப்பதும்

டயல்தான் கடிகாரத்தின் முகம். ஆகவே அதிகமாக மாற்றப்படுவதும் அதுதான். நிறம் மங்கியது, புள்ளி விழுந்தது என்று சொல்லி மறுபடி வண்ணம் பூசியிருப்பார்கள், அல்லது வேறொன்றையே பொருத்தியிருப்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எழுத்துகளின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட எழுத்து சிறிதாக இருந்தாலும் கூர்மையாக இருக்கும். பிற்காலத்தில் எழுதியது தடித்தோ, கோடுகளைச் சரியாகத் தொடாமலோ இருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

ஆறு மணிக் குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி மிகச் சிறிதாக இருக்கும் எழுத்துகள் காலத்தைச் சொல்பவை. 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சு டிரிடியம் என்று பொருள். ரேடியத்துக்கு மாற்றாக 1960-களில் பரவிய டிரிடியம் 1990-களின் இறுதிவரை பயன்பாட்டில் இருந்தது. அது பாதியாகக் குறைய 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகும். எனவே அந்தக் காலத்து டயல்கள் இன்று இருட்டில் ஏறக்குறைய ஒன்றும் காட்டுவதில்லை.

இந்த எழுத்தை நம்பி நான் ஒருமுறை சறுக்கினேன். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய ஒருவரின் கைக்கடிகாரம் என்று ஒரு குடும்பத்தார் காட்டினார்கள். டயலின் அடியில் 'டி' இருந்தது. போர் முடிந்து இருபது ஆண்டுகள் கழித்து வந்த கடிகாரத்தைப் போர்க்காலத்தது என்கிறார்களே என்று குறிப்பேட்டில் கதை பொய் என எழுதிவிட்டேன், அச்சுக்கும் அனுப்பியிருப்பேன். பின்மூடியைத் திறந்தபோது இயந்திரமும் கூடும் 1940-களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்னஞ்சிறு எழுத்துகளும் 67 என்ற எண்ணும் இருந்தன. அதைச் சொன்னபோதுதான், தண்ணீர் புகுந்து டயல் கெட்டுப்போய் மாற்றினோம் என்பது வீட்டின் மூத்த பெண்மணிக்கு நினைவுக்கு வந்தது. குடும்பத்தார் சொன்னது சரியாகவே இருந்தது; டயல் மட்டும் பின்னால் வந்தது. பழுதுபார்த்த வரலாற்றைக் கேட்க வேண்டும் என்று மேலே சொன்னேனே, அது இந்தச் சறுக்கலில் கற்றது. ஒரே ஒரு பாகத்தைப் பார்த்து முழுக் கடிகாரத்துக்கும் தேதி குறிக்காதீர்கள்.

பின்மூடிக்குள்

என் அனுபவத்தில் கடிகாரத்தின் மிகச் சிறந்த பக்கம் இதுதான். வெளியில் தெரிவதற்காகச் செய்யப்பட்டது எதுவும் இங்கே இல்லை. ஆகவே பாசாங்கும் குறைவு.

முதலில் தர முத்திரைகள். தங்கக் கூடாக இருந்தால் சுவிட்சர்லாந்தில் 1880-களிலிருந்து 1995 வரை பொறிக்கப்பட்ட சின்னங்களைத் தேடுங்கள்: 18 காரட்டுக்கு ஹெல்வீஷியா என்ற பெண்ணின் தலை, 14 காரட்டுக்கு அணில். 1995-க்குப் பிறகு இவற்றுக்குப் பதிலாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்தது. நாயின் தலையுள்ள கூட்டை யாராவது 1950-களைச் சேர்ந்தது என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது ராணுவக் குறிகள். பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதைக் காட்டும் அகன்ற அம்புக்குறி, பின்மூடியிலும் சில சமயம் டயலிலும் இருக்கும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 12 நிறுவனங்கள் ஒரே விதிப்படி செய்து கொடுத்த கடிகாரங்களின் முதுகில் மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒமேகா, லாஞ்சின்ஸ், ஐ.டபிள்யூ.சி. போன்ற பெரிய பெயர்களும், கிரானா, டைமர் போன்று இன்று பலருக்கும் தெரியாத பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை 1945-இல்தான் வந்துசேர்ந்தன. ஆகவே இந்தக் குறியுள்ள கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் போரின் முதல் ஆண்டுகளில் சண்டையிட்டார் என்ற கதை வந்தால் ஐயப்படுவது கடமை.

மூன்றாவதாக, பழுதுபார்த்தவர்கள் கீறிவைத்த குறிகள். ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் தேதியையோ தன் பெயரின் முதலெழுத்தையோ வேலை எண்ணையோ மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிவிடுவது பலருக்கு வழக்கம். அதே கடிகாரம் மறுபடி வந்தால் தான் எப்போது பார்த்தது என்று தெரிந்துகொள்வதற்காக. இவற்றைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சில கடிகாரங்களில் ஐந்தாறு கீறல்கள் இருக்கும். அவற்றுக்கிடையே மூன்று நான்கு ஆண்டு இடைவெளிகள் சீராக இருந்தால், அந்தக் கடிகாரத்தை யாரோ தினமும் கட்டியிருக்கிறார்கள், அக்கறையோடு பராமரித்திருக்கிறார்கள் என்று பொருள். இருபது ஆண்டு இடைவெளி இருந்தால் அந்த இருபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி. அதற்கும் முந்தைய காலத்தில், இரட்டைக் கூடு கொண்ட ஆங்கிலேயப் பைக்கடிகாரங்களில் உள்கூட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்று இருக்கும். அதில் கடைக்காரரின் விளம்பரம் அச்சிடப்பட்டிருக்கும்; பின்பக்கத்தில் பழுதுபார்த்த தேதி கையால் எழுதப்பட்டிருக்கும். அப்படியொன்று கிடைத்தால் கையால் தொடாமல் முதலில் படம் எடுங்கள்.

கடைசியாக, அன்பளிப்பு வாசகங்கள். இவை கதையின் நேரடிச் சாட்சி என்று தோன்றும். ஆனால் வாசகத்தை எவரும் எந்த நாளிலும் பொறிக்கலாம். வாசகத்தில் உள்ள தேதி கூட்டின் காலத்துக்கு முந்தியதாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு.

இயந்திரத்தின் நாடித்துடிப்பு

பேட்டி எடுப்பவரிடம் ஒலிப்பதிவுக் கருவி எப்போதும் இருக்குமல்லவா, அதைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்துப் பத்து விநாடி பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு, துடிப்புகளை எண்ணுங்கள். விநாடிக்கு 5 துடிப்பு என்றால் மணிக்கு 18,000. பழைய கைக்கடிகாரங்களில் மிகப் பரவலாக இருந்த வேகம் அதுதான். 6 என்றால் 21,600. 8 என்றால் 28,800. 10 என்றால் 36,000. டிக் டிக் என்ற ஓசைக்குப் பதிலாக வண்டு ரீங்காரம் கேட்டால் அது 1960-இல் வந்த புலோவா அக்யூட்ரான் வகையாக இருக்கலாம். அதில், முன்னும் பின்னும் ஆடித் துடிப்பை உண்டாக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்குப் பதிலாக விநாடிக்கு 360 முறை அதிரும் இசைக்கவை இருக்கிறது. விநாடிக்கு ஒரே ஒரு முறை முள் துள்ளினால் பெரும்பாலும் குவார்ட்ஸ். அந்தப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. ஒவ்வொரு கட்டத்திலும் பாதியாக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும் என்பதற்காகவே அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் பார்த்தால் ஒரு சிறு சின்னமும் எண்ணும் தெரியும். இயந்திரத்தை உண்மையில் செய்தவர் யார் என்பதை அதுதான் சொல்லும். டயலில் ஒரு பெயர் இருக்கும், இயந்திரம் வேறு தொழிற்சாலையில் பிறந்திருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சுவிஸ் தொழிலே அப்படித்தான் இயங்கியது. வால்ஜூ 72 என்ற இயந்திரம் ரோலெக்ஸ் டேடோனாவிலும் இருந்தது, ஹாயரிலும் இருந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான இயந்திரங்களில் மூன்றெழுத்து இறக்குமதிக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டால் கடிகாரம் எந்தச் சந்தைக்காகக் கிளம்பியது என்பது விளங்கும். அதிர்ச்சி தாங்கும் இன்காபிளாக் அமைப்பு 1930-களில் வந்தது. 1920-களின் கடிகாரம் என்று சொல்லப்படுவதில் அது இருந்தால் இயந்திரம் பிந்தியது.

'17 ஜுவல்' என்ற சொற்றொடரைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். அவை தேய்மானத்தைக் குறைக்கும் செயற்கை மாணிக்கங்கள்.

காகிதங்களைத் தேடுதல்

இப்போது உங்களிடம் வரிசை எண் இருக்கிறது. அதை மூன்று இடங்களில் உள்ள எண்களோடு சரிபாருங்கள்: கூட்டின் எண், இயந்திரத்தின் எண், மாதிரி எண். ஒவ்வொன்றும் வேறு பொருளுடையது. குழப்பிக்கொண்டு அட்டவணையில் தேடினால் ஐம்பது ஆண்டு தவறிப்போகும்.

சில நிறுவனங்களின் எண்களில் தேதியே ஒளிந்திருக்கும். 1960-களின் இறுதியிலிருந்து வந்த பல செய்கோ கடிகாரங்களின் பின்மூடி எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது இலக்கம் மாதம். அக்டோபருக்குச் சுழியம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் 'என்' (N), 'டி' (D) என்ற எழுத்துகள். பத்தாண்டு எதுவென்று எண் சொல்லாது என்பதால் 1971-ஆ 1981-ஆ என்பதை இயந்திரத்தின் மாதிரி எண்ணைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

வேறு சில நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. லாஞ்சின்ஸிடம் 1867 முதலான பதிவேடுகள் உள்ளன. பட்டேக் ஃபிலிப் தன் ஆவணங்களிலிருந்து சான்றுக் குறிப்பு தருகிறது. இத்தகைய குறிப்பில் தயாரிப்புத் தேதி, கூட்டின் உலோகம், யாருக்கு அனுப்பப்பட்டது போன்ற விவரங்கள் இருக்கும். அனுப்பப்பட்டவர் என்றால் பெரும்பாலும் ஒரு மொத்த வியாபாரி, கட்டியவர் அல்ல. இந்த இடைவெளியை நிரப்ப உள்ளூர் நாளிதழ்களின் பழைய விளம்பரங்கள், அலுவலகங்களின் பணிநிறைவு விழாப் பதிவுகள், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவையே உதவும். புகைப்படத்தில் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் 1973-74-இல் ஸ்கைலாப் நிலையத்தில் 84 நாள் இருந்தபோது, தனக்கு வழங்கப்பட்ட ஒமேகாவோடு தன் சொந்தச் செய்கோ 6139-ஐயும் கட்டியிருந்தார். தானாகச் சாவி ஏறும் க்ரோனோகிராஃப் (நேர இடைவெளியை அளக்கும் வசதியுள்ள கடிகாரம்) ஒன்று விண்வெளிக்குப் போன செய்தி பல ஆண்டுகளுக்குப் பிறகே கடிகாரப் பிரியர்களிடையே பேசுபொருளாயிற்று. படங்களில் அது முதலிலிருந்தே இருந்தது.

புகழ்பெற்ற கதைகளையும் விட்டுவைக்காதீர்கள்

கடிகார உலகில் எல்லோரும் சொல்லும் கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விளம்பரம் இருக்கும். 1927-இல் மெர்சிடஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் என்ற நீர்புகாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்பது அவற்றில் ஒன்று. அவர் கால்வாயைக் கடந்தது அக்டோபர் 7. அப்போது அவரிடம் ஆய்ஸ்டர் இல்லை. தானும் நீந்திக் கடந்ததாக வேறொரு பெண் பொய் சொன்னதால் எழுந்த சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக அக்டோபர் 21-இல் மறுபடி இறங்கியபோதுதான் கடிகாரம் இருந்தது, அதுவும் மணிக்கட்டில் அல்ல, கழுத்தில். குளிர் தாங்காமல், பத்து மணி நேரத்துக்கும் மேலாக நீந்திய பிறகு, கரையைத் தொடாமலே படகில் ஏற்றப்பட்டார். நவம்பர் 24 அன்று 'டெய்லி மெயில்' முதல் பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. கடிகாரம் அந்தக் குளிர்நீரில் மணிக்கணக்கில் ஓடியது உண்மை. அந்த உண்மையே போதுமான அளவு வியப்பானது.

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் இருந்த கடிகாரம் எது என்பதும் இப்படித்தான். ரோலெக்ஸும் அந்தக் குழுவுக்குக் கடிகாரங்கள் கொடுத்திருந்தது, பிரிட்டனின் ஸ்மித்ஸும் கொடுத்திருந்தது. எட்மண்ட் ஹில்லரி தன்னோடு உச்சிக்குக் கொண்டுசென்றது ஸ்மித்ஸ். நிலவில் முதலில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் மணிக்கட்டில் அப்போது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் இல்லை. விண்கலத்தின் மின்னணுக் கடிகாரம் பழுதானதால் தன்னுடையதை அவர் உள்ளேயே விட்டு இறங்கினார். கட்டிக்கொண்டு இறங்கியவர் ஆல்ட்ரின். அவருடைய கடிகாரமோ பின்னர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் வழியில் காணாமற்போய், இன்றுவரை கிடைக்கவில்லை.

'முதன்முதலில்' என்ற சொல்லை எழுதும்முன் மூன்று முறை யோசியுங்கள். தானாகச் சாவி ஏறும் க்ரோனோகிராஃப் பந்தயத்தில் 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று உரிமைக்காரர்கள் உண்டு: ஜனவரி 10-இல் அறிவித்த ஜெனித், மார்ச் 3-இல் அறிவித்த ஹாயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்களின் கூட்டணி, மே மாதத்தில் ஜப்பானில் விற்கத் தொடங்கிய செய்கோ. அறிவித்தது முதலா, விற்றது முதலா என்பதைச் சொல்லாமல் ஒருவரை முதல்வர் என்று எழுதினால் மற்ற இருவரின் ரசிகர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

கடிகாரத்தின் பட்டப்பெயரும் ஆதாரம் ஆகாது. பிரேகே என்ற கடிகாரக் கலைஞரின் 160-ஆம் எண் பைக்கடிகாரத்தை எல்லோரும் 'மேரி ஆன்டனெட்' என்றே அழைக்கிறார்கள். 1783-இல் அதைச் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் பெயருக்குரிய பிரெஞ்சு அரசி கொல்லப்பட்டது 1793. பிரேகே இறந்தது 1823. கடிகாரம் முடிந்தது 1827. அரசி அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1983-இல் ஜெருசலேம் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டு, 2007-இல்தான் மீட்கப்பட்டது வெளியானது.

பெரிய ஏலம், பெரிய நிபுணர்கள் என்பதும் உத்தரவாதம் அல்ல. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 1957-ஆம் ஆண்டின் ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 30 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கும் மேலான தொகைக்கு ஏலம் போயிற்று. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் அது வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துப் புனைந்த கடிகாரம் என்று ஒமேகாவே அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு அதில் பங்கு இருந்ததாகவும் கூறியது. ஆவணக் காப்பகத்தின் சான்றும் மனிதர்கள் எழுதுவதுதான் என்பதை அன்றைக்குக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

செய்தவர்களைத் தேடுங்கள்

கட்டியவரின் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். செய்தவரின் கதை பெரும்பாலும் யாரும் கேட்காமலே போய்விடுகிறது. 1969 டிசம்பர் 25-இல் செய்கோ அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரம் டோக்கியோவில் விற்பனைக்கு வந்த பிறகு சுவிஸ் தொழில் ஆட்டம் கண்டது; 1970-இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த தொழிலில் 1980-களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினர். 1975-இல் ஜெனித் நிறுவனத்தின் அமெரிக்க உரிமையாளர்கள் சாவி கொடுக்கும் கடிகாரங்களைக் கைவிட்டு, கருவிகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி, 1969-இல் அறிவிக்கப்பட்ட எல் பிரைமரோ என்ற க்ரோனோகிராஃப் இயந்திரத்துக்கான அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் சிறிது சிறிதாக எடுத்துப்போய், லெ லொக்ல் தொழிற்சாலையின் மேல்மாட அறையில், பெயர்ச்சீட்டு எழுதி ஒளித்துவைத்தார். 1980-களில் அந்த இயந்திரம் மறுபடி தேவைப்பட்டபோது அவற்றைக் கொண்டே உற்பத்தி தொடங்கியது. விநாடிக்கு 10 முறை துடிக்கும் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதும் எவரும் துடிப்பின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் புரியாத ஒன்று.

ஆகவே உங்கள் பகுதியில் கடிகாரம் பழுதுபார்த்த முதியவர்கள் இருந்தால் அவர்களையும் பேட்டி எடுங்கள். அவர்களுடைய ரசீதுப் புத்தகங்கள், வேலைக் குறிப்பேடுகள் ஆகியவற்றைப் பார்க்கக் கேளுங்கள். மூடிக்குள் கீறியிருக்கும் முதலெழுத்து யாருடையது என்பதை ஒரு தொழிற்காரர் இன்னொரு தொழிற்காரரின் கையெழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவதுண்டு.

எழுதும்போது

கிடைத்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எந்தச் சாட்சி சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள்: மனிதர், காகிதம், உலோகம். இரண்டு சாட்சிகள் ஒத்துப்போவதை உறுதியாக எழுதலாம். ஒரே சாட்சி சொன்னதை அவர் சொன்னதாக எழுதலாம். முரண்பட்டால் முரண்பாட்டையே எழுதுங்கள். டில்லன் கதையில் சுவையே அந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

விலையைத் தலைப்பில் வைக்கும் ஆசையை அடக்குங்கள். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபர் 26-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனபோது எல்லா நாளிதழ்களும் அந்தத் தொகையைத்தான் தலைப்பாக்கின. அதே மாதிரி எண்ணில் வேறு கடிகாரங்களும் இருக்கின்றன. அவற்றின் முதுகில், கார்ப் பந்தயம் ஓட்டும் கணவனுக்கு மனைவி பொறித்துக் கொடுத்த 'கவனமாக ஓட்டு, நான்' என்ற பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்கள் இல்லை. எழுத வேண்டியது அந்த மூன்று சொற்களைப் பற்றி.

கடிகார நிறுவனங்கள் தரும் அன்பளிப்புகளையும் பயணங்களையும் ஏற்றுக்கொண்டு அவற்றின் வரலாற்றை எழுதப் போகாதீர்கள். ஏற்றுக்கொண்டால் அதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

உரிமையாளரிடம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, எண்கள், உட்புறப் படங்கள், குடும்பத்தார் சொன்னவை, இன்றைய பழுதுபார்ப்பில் மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்துக் கொடுங்கள். கழற்றிய பழைய டயல், உடைந்த முள், மெயின்ஸ்பிரிங் என்ற முதன்மைச் சுருள்வில் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவரிடமிருந்து கேட்டு வாங்கி ஒரு சிறு உறையில் போட்டு அந்தத் தாளோடு வையுங்கள். முன்பு சொன்ன குடும்பத்தாரின் கடிகாரத்தோடு நான் அப்படி ஓர் உறையைக் கொடுத்தபோது, 1967-இல் கழற்றிய பழைய டயல் தையல் பெட்டியில் எங்கோ கிடக்கும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது. எண்கள் பாதி அழிந்து, நீர்க்கறை படிந்து, ஆறு மணிக் குறிக்குக் கீழே 'டி' இல்லாமல் இருந்தது; அதை இப்போது அந்த உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறார்கள்.